இயற்கைத் துறைமுகம் இல்லாத கரை எப்படிச் செழித்தது?

திருத்தணிக்கு அருகே உள்ள திருவாலங்காட்டில் கரும்பும் நெல்லும் விளையும் வயல்கள் உண்டு, ஆடவல்லானின் இரத்தின சபை உண்டு, சென்னை–அரக்கோணம் ரயில் பாதை உண்டு. கடல் மட்டும் கிடையாது. மிக அருகிலுள்ள எண்ணூர்க் கரைக்கே கிழக்கில் சுமார் 60 கிலோமீட்டர் போக வேண்டும். ஆனாலும் தமிழர் கடலோடிய கதையை எழுதும் எவரும் இந்த ஊரைத் தாண்டிப் போக முடியாது.

1905-இல் இங்கே செப்பேட்டுத் தொகுதி ஒன்று கிடைத்தது. சோழ முத்திரையிட்ட வளையத்தில் கோத்த 31 ஏடுகள். பழையனூர் என்ற ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்கு முதலாம் இராசேந்திர சோழன் கொடுத்த ஆணை அவற்றில் இருக்கிறது. அதன் சமஸ்கிருதப் பகுதி, கடல் கடந்து சென்ற படையைக் கொண்டு அரசன் கடாரத்தை வென்றதாகப் புகழ்கிறது. கடாரம் என்பது இன்றைய மலேசியாவின் கெடா மாநிலப் பகுதி.

இந்த ஊரோடு சேர்ந்த இன்னொரு கடல் கதை காரைக்கால் அம்மையாருடையது. அவர் கணவர் பரமதத்தன் நாகப்பட்டினத்து வணிகர் மகன். பொருள் தேட மரக்கலம் ஏறிப் போனவர். துறைமுக ஊரில் வணிகக் குடும்பத்தில் பிறந்த அம்மையார் கடைசியில் வந்து சேர்ந்த இடம் திருவாலங்காடு என்கிறது பெரியபுராணம்.

படகைப் பார்க்காத ஊரிலும் கடலின் செல்வாக்கு இவ்வளவு தூரம் எட்டியிருக்கிறது என்றால், அந்தக் கரை எவ்வளவு வலுவாக இருந்திருக்க வேண்டும்! இங்கேதான் ஒரு புதிர் எழுகிறது. சோழமண்டலக் கரையில் நல்ல இயற்கைத் துறைமுகம் கிடையாது. மும்பை, கொச்சி, விசாகப்பட்டினம், திருகோணமலை ஆகிய இடங்களில் நிலமே கடலை அணைத்துக் கப்பலுக்கு ஒதுங்க இடம் தருகிறது. நம் கரையோ நேராக, மணலாக, அலைக்குத் திறந்தபடி கிடக்கிறது. ஆழமும் குறைவு. சென்னையில் செயற்கைத் துறைமுகம் கட்டும் வரை பெரிய கப்பல்கள் தள்ளி நின்றே நங்கூரமிட்டன. ஆளையும் சரக்கையும் கயிற்றால் தைத்த மசூலாப் படகுகள்தான் அலையைத் தாண்டிக் கொண்டு வந்தன. இப்படிப்பட்ட கரையிலிருந்து கடாரத்துக்கும் சுமத்திராவுக்கும் சீனத்துக்கும் மக்கள் எப்படிப் போய் வந்தார்கள்? விடை கரையில் இல்லை, கரைக்கு மேல் வீசும் காற்றில் இருக்கிறது.

காற்று ஏன் திசை மாறுகிறது?

சித்திரை வெயிலில் நடுப்பகலில் மெரினா மணலில் வெறுங்காலோடு நடக்க முடியாது. பத்தடி தள்ளிக் கடலில் காலை வைத்தால் குளிர்ச்சி. இரண்டின் மேலும் அடிப்பது ஒரே வெயில்தான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பம், ஒரு கிலோ காய்ந்த மணலுக்குத் தேவைப்படுவதைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. இந்தப் பண்பைத் தன்வெப்பம் என்கிறோம். மேலும் அலை கடல்நீரைக் கலக்கிக்கொண்டே இருப்பதால், வாங்கிய சூடு பல மீட்டர் ஆழத்துக்குப் பரவிவிடுகிறது. மணலில் அது மேல்தோலிலேயே தங்கிவிடுகிறது. எனவே நிலம் சீக்கிரம் சுட்டுச் சீக்கிரம் ஆறும். கடல் மெதுவாகச் சுட்டு மெதுவாக ஆறும்.

சூடான நிலத்தின் மேலிருக்கும் காற்று விரிந்து மேலெழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று உள்ளே வரும். பிற்பகலில் சென்னைக்காரர்கள் எதிர்பார்த்துக் காத்திருக்கும் கடற்காற்று இதுதான். இதையே ஒரு நாளுக்குப் பதிலாக ஓர் ஆண்டுக்கும், ஒரு கடற்கரைக்குப் பதிலாக ஆசியக் கண்டம் முழுமைக்கும் பெரிதாக்கினால் பருவக்காற்று கிடைக்கும் என்று நெடுங்காலம் நம்பினார்கள். 1686-இல் கடலோடிகளின் குறிப்புகளைத் திரட்டி உலகின் காற்றோட்டப் படத்தை வரைந்த எட்மண்ட் ஹாலியும் நிலம், கடல் சூட்டு வேறுபாட்டைத்தான் காரணமாகச் சொன்னார். வால்நட்சத்திரத்துக்குப் பெயர் தந்த அதே ஹாலிதான்.

இந்த விளக்கத்தில் ஓர் இடறல் இருக்கிறது. இந்திய நிலப்பரப்பு மிக அதிகமாகச் சுடுவது மே மாதத்தில். பருவக்காற்று மிக வலுவாக வீசுவதோ ஜூலையில், மழை பெய்து நிலம் குளிர்ந்த பிறகு. சூட்டு வேறுபாடு மட்டுமே காரணமானால் மே மாதத்தில்தானே காற்று உச்சத்தில் இருக்க வேண்டும்? வானிலை ஆய்வாளர் ஜார்ஜ் சிம்ப்சன் 1921-இலேயே இதைச் சுட்டிக்காட்டினார்.

விடைக்கு வழி காட்டியவை செயற்கைக்கோள் படங்கள். பூமத்தியரேகையை ஒட்டி உலகைச் சுற்றி ஒரு மேகப் பட்டை இருக்கிறது. வடக்கிலிருந்தும் தெற்கிலிருந்தும் வரும் காற்றுகள் அங்கே மோதிக் குவிந்து மேலெழும்புகின்றன. இதை வெப்பமண்டலக் குவி வலயம் எனலாம். சூரியன் வடக்கே நகரும்போது இந்தப் பட்டையும் வடக்கே நகர்கிறது. இந்தியப் பகுதியில் அது கடலை விட்டு நிலத்தின் மேலேயே ஏறி, கங்கைச் சமவெளி வரை போய்விடுகிறது. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு 1980-இல் வானிலை ஆய்வாளர்கள் சிக்காவும் சுலோசனா காட்கிலும் இந்த மேகப் பட்டையின் நகர்வைத் தொடர்ந்து காட்டினார்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பணியாற்றிய சுலோசனா காட்கில், பருவக்காற்று என்பது ஒரு மாபெரும் கடற்காற்று அன்று, இந்தக் குவி வலயத்தின் பருவகால இடப்பெயர்ச்சியே என்று தொடர்ந்து வாதிட்டவர். நிலத்தின் சூடு வலயத்தை உள்ளே இழுக்க உதவுகிறது. இமயமும் திபெத்தும் வடக்கின் குளிர்ந்த வறண்ட காற்றைத் தடுத்து அதைக் காக்கின்றன.

தெற்கிலிருந்து வரும் காற்று நேராக வடக்கே போகாமல் ஏன் தென்மேற்கிலிருந்து வீசுகிறது? பூமி சுழல்வதால்தான். பூமத்தியரேகையில் உள்ள நிலம் மணிக்குச் சுமார் 1,670 கிலோமீட்டர் வேகத்தில் கிழக்கு நோக்கிச் சுழல்கிறது. சென்னை இருக்கும் அகலாங்கில் அந்த வேகம் சுமார் 1,630. ரேகையைத் தாண்டி வடக்கே வரும் காற்று தன் பழைய வேகத்தோடு வருவதால், கீழே இருக்கும் நிலத்தை முந்திக்கொண்டு கிழக்குப் பக்கம் சாய்கிறது. பூமியின் சுழற்சி காற்றைத் திருப்புவதை ஜார்ஜ் ஹாட்லி 1735-இல் விளக்கினார். இன்று அதைக் கொரியோலிஸ் விளைவு என்கிறோம். குளிர்காலத்தில் எல்லாம் தலைகீழாகிறது. குவி வலயம் தெற்கே இறங்க, காற்று வடகிழக்கிலிருந்து வீசுகிறது. ஆகவே வங்கக் கடலின் மேல் ஜூன் முதல் செப்டம்பர் வரை ஒரு திசை, டிசம்பர் முதல் மார்ச் வரை எதிர்த்திசை.

நாகப்பட்டினத்திலிருந்து கடாரம் வரை

நாகப்பட்டினத்துக்கும் கெடாவுக்கும் இடையே சுமார் 2,300 கிலோமீட்டர் கடல். நிலப்படத்தில் இரண்டையும் இணைத்துக் கோடு போட்டால் அது கிழக்கிலிருந்து சற்றே தெற்காகச் சாயும். தென்மேற்குக் காற்றுக் காலத்தில் இந்தக் கோட்டில் போகும் கப்பலின் வலப்பக்கத்திலிருந்து காற்று பாயில் விழும். குளிர்காலத்தில் திரும்பி வரும்போதும் வடகிழக்குக் காற்று வலப்பக்கத்திலிருந்தே வரும். பாய்க்கப்பலால் காற்றை நேருக்கு நேர் எதிர்த்துப் போக முடியாது. பக்கவாட்டில் வரும் காற்றோ அதற்கு நல்ல துணை. போகவும் வரவும் இப்படித் துணைக்காற்று கிடைக்கும் இடத்தில் நம் கரை அமைந்திருக்கிறது. துறைமுகம் தராத இயற்கை, அதற்கு ஈடாகக் கொடுத்தது இந்த அமைப்பு.

அதே கோடு வழியில் நிக்கோபார் தீவுகளைத் தொட்டுச் செல்கிறது. இராசேந்திரன் வென்ற கடல் கடந்த இடங்களைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டு வரிசைப்படுத்துகிறது. ஸ்ரீவிஜயம், பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், இலாமுரிதேசம் என்று நீளும் அந்தப் பட்டியலில் மாநக்கவாரமும் உண்டு. அதுதான் நிக்கோபார். புகழுரையில் வந்த ஒரு பெயர் காற்றின் பாதையில் அச்சாகப் பொருந்துவதைப் பார்த்தால், அதை எழுதியவர்கள் கடல்வழியைக் கேட்டறிந்தே எழுதினார்கள் என்பது விளங்கும்.

திருவாலங்காட்டுச் செப்பேட்டையும் இதே கண்ணோடு படிக்க வேண்டும். ஆணையின் காலம் இராசேந்திரனின் 6-ஆம் ஆட்சியாண்டு, அதாவது 1018 வாக்கில். கடாரப் படையெடுப்பு நடந்தது 1025 வாக்கில். நிகழ்ச்சிக்கு ஏழாண்டு முன்பே அதைப் பற்றி எப்படி எழுத முடியும்? ஆணை பிறந்த ஆண்டு வேறு, சமஸ்கிருதப் புகழுரை இயற்றப்பட்ட காலம் வேறு என்பதுதான் பொருள். 1920-இல் கிருஷ்ண சாஸ்திரி தென்னிந்தியக் கல்வெட்டுகள் வரிசையில் இதைப் பதிப்பித்த பிறகு, ஆவணத்தின் பகுதிகளுக்கு இடையே உள்ள இந்தக் கால இடைவெளி ஆய்வாளர்களுக்கு முக்கியச் சான்றாயிற்று.

பயணத்துக்கு எத்தனை நாள் ஆனது என்பதற்குச் சீனத் துறவி ஒருவர் சாட்சி. 671-இல் சீனத்திலிருந்து கப்பலேறிய யீ ஜிங், கெடாவிலிருந்து இந்தியா நோக்கிப் புறப்பட்டது சீன நாட்காட்டியின் 12-ஆம் மாதத்தில், நம் மார்கழி, தை வாக்கில். வாடைக்காற்று வீசும் காலம் அது. இன்னொரு துறவி கெடாவிலிருந்து மேற்கே 30 நாள் பயணம் செய்து நாகப்பட்டினத்தை அடைந்ததையும் அவர் குறித்து வைத்திருக்கிறார். 2,300 கிலோமீட்டரை 30-ஆல் வகுத்தால் நாளுக்குச் சுமார் 77 கிலோமீட்டர். மணிக்கு மூன்று கிலோமீட்டருக்குச் சற்று மேல். மனிதர் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு. ஆனால் இரவும் பகலும் நில்லாமல், பல டன் சரக்கைச் சுமந்துகொண்டு நடக்கும் வேகம்.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பும் காற்று இப்படித்தான் வீசியதா? இதற்குச் சாட்சி கடலடிச் சேற்றில் இருக்கிறது. தென்மேற்குக் காற்று அரேபியாவின் ஓமன் கரையில் மேல்நீரைத் தள்ளிவிட, அடியிலிருந்து குளிர்ந்த, சத்து மிகுந்த நீர் மேலே வருகிறது. இதை ஆழ்நீர் மேலெழுச்சி என்போம். அந்தக் குளிர்நீரில் பெருகும் நுண்ணுயிர் ஒன்றின் பெயர் குளோபிஜெரினா புல்லாய்டிஸ். அது இறந்ததும் அதன் சுண்ண ஓடு கடலடியில் படிகிறது. எந்தக் காலப் படிவில் ஓடுகள் அதிகமோ, அந்தக் காலத்தில் காற்று வலுவாக வீசியது என்று கணிக்கலாம். கரக்பூர் ஐஐடியின் அனில் குப்தாவும் அமெரிக்க ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஆய்வு, இடைக்கால வெப்பக் காலம் எனப்படும் நூற்றாண்டுகளில் தென்மேற்குக் காற்று வலுவாக இருந்ததைக் காட்டியது. சோழர் கடலாதிக்கம் ஓங்கியது அந்த நூற்றாண்டுகளில்தான். காற்று வலுத்ததால் சோழர் வென்றார்கள் என்று இதிலிருந்து தாவிவிடக் கூடாது. அவர்கள் நம்பிய காற்று நம்பத் தகுந்ததாகவே இருந்தது என்பதே இதன் பொருள்.

காத்திருப்பு வளர்த்த பட்டினங்கள்

காற்று வழி தருகிறது, அந்த வழியை ஆண்டின் ஒரு பகுதியில் மூடியும் விடுகிறது. கிழக்கே போனவர் திரும்பக் காற்று மாறும் வரை பல மாதங்கள் அங்கேயே தங்க வேண்டும். கிராமத்துக்குப் போகும் கடைசிப் பேருந்தைத் தவறவிட்டவர்கள் கூடுவதாலேயே ஒரு சந்திப்பு ஊரில் தங்கும் விடுதியும் சாப்பாட்டு மெஸ்ஸும் டீக்கடையும் முளைப்பதில்லையா? வங்கக் கடலின் இரு கரையிலும் பட்டினங்கள் முளைத்த கணக்கும் அதுவே.

தங்குபவருக்கு வழிபட இடம் வேண்டும். சுமத்திராவின் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்ப, அதற்கு ஆனைமங்கலத்தை இராசராச சோழன் கொடுத்தான். நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குப் போய்ச் சேர்ந்த செப்பேடு சொல்லும் செய்தி இது. மறுகரையில் தாய்லாந்தின் தக்குவாபாவில் மணிக்கிராமத்தார் என்ற வணிகக் குழுவின் பெயர் சொல்லும் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்தது. சுமத்திராவின் பாருஸில் ஐந்நூற்றுவர் வணிகக் குழு 1088-இல் தமிழில் கல்வெட்டு வைத்தது. பாருஸ் கற்பூரத்துக்குப் பேர்போன துறை. இங்கிருந்து போனவற்றில் முதன்மையானது பருத்தித் துணி. வந்தவை கற்பூரம், நறுமணப் பொருள்கள், தகரம், சீனத்துப் பட்டு, பீங்கான். அரேபியாவிலிருந்து சீனம் வரை ஒரே காற்றில் ஒரே கப்பலில் போய்வருவது அரிது. எனவே வழி துண்டு துண்டாகப் பிரிந்தது. ஒவ்வொரு துண்டின் முனையிலும் சரக்கு கைமாறியது. நம் கரை அப்படிப்பட்ட ஒரு முனை. அந்த முனைக்குப் பின்னால் தறியும் வயலும் கொண்ட உள்நாடு இருந்தது. துணி நெய்யவும், நெய்பவர்களுக்கும் மாலுமிகளுக்கும் சோறு போடவும் திருவாலங்காடு போன்ற ஊர்கள் இல்லாமல் துறை தனியே நின்றிருக்க முடியாது.

காற்றின் கோபத்துக்கும் ஏற்பாடு தேவைப்பட்டது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் புயல் பிறக்கும் காலம். 1746 செப்டம்பரில் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுத் தளபதி லா பூர்தொன்னே, பருவம் தெரிந்தும் தாமதித்தார். அக்டோபர் நடுவில் வந்த புயல் நங்கூரத்தில் நின்ற அவர் கப்பல்களில் பலவற்றை அழித்தது. அதற்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன், 1244 வாக்கில், ஆந்திரக் கரையின் மோட்டுப்பள்ளியில் காக்கதிய அரசன் கணபதிதேவன் ஒரு கல்வெட்டு நாட்டினான். புயலில் உடைந்து கரையொதுங்கும் கப்பல்களின் சரக்கை முந்தைய அரசர்கள் பறித்துக்கொண்டார்கள், இனி வரையறுத்த சுங்கம் மட்டுமே வாங்கப்படும் என்ற உறுதிமொழி அது. புயலைத் தடுக்க எந்த அரசனாலும் முடியாது. புயலில் சிக்கியவன் மீண்டும் இந்தக் கரைக்கு வரத் துணியும்படி செய்ய முடியும்.

எஞ்சின் வந்த பிறகு

நீராவிக் கப்பலும், 1869-இல் திறந்த சூயஸ் கால்வாயும் காற்றின் பிடியை உடைத்தன. எந்த மாதத்திலும் எந்தத் திசையிலும் போகலாம் என்றானதும், கரையின் பழைய பலம் கரைந்தது; துறைமுகம் இல்லாத பழைய குறை மட்டும் முன்னால் வந்து நின்றது. நாகப்பட்டினம் ஒதுங்கியது. சென்னையில் கடலுக்குள் சுவர் கட்டிச் செயற்கைத் துறைமுகம் எழுந்தது. 1881 புயல் அதையும் பதம் பார்த்தது. திருவாலங்காடு இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தின் கடலோரத்தில் 2001-இல் எண்ணூர்த் துறைமுகம் திறந்தது. இன்று அது காமராசர் துறைமுகம். அதை ஒட்டியே காட்டுப்பள்ளியும் வந்துவிட்டது.

கப்பலை விட்டாலும் காற்று கரையை விடவில்லை. காற்று எழுப்பும் அலைகள் கரையோரமாக மணலைத் தள்ளுகின்றன. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மணல் வடக்கே போகிறது, வடகிழக்குக் காற்றுக் காலத்தில் தெற்கே வருகிறது. ஆண்டு முடிவில் கணக்குப் பார்த்தால் வடக்கே போவதே அதிகம். குறுக்கே சுவர் கட்டினால் தெற்கில் மணல் சேரும், வடக்கில் கரை அரிக்கும். சென்னைத் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் தொடங்கி மீனவர் குடியிருப்புகளைக் கடல் தின்றதும் ஒரே கணக்கின் வரவும் செலவும். புதிய துறைமுகம் திட்டமிடும்போது வரவை எழுதுபவர்கள், செலவு யார் வாசலில் போய் விழுகிறது என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். காட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடு ஏரியை நம்பி வாழ்பவர்கள் கேட்பதும் அந்த நேர்மையைத்தான்.

மீன்பிடியும் காற்றின் கணக்கில்தான் நடக்கிறது. கரையை ஒட்டி வீசும் தென்மேற்குக் காற்று நம் கடலிலும் ஆழ்நீர் மேலெழுச்சியை ஓரளவு உண்டாக்குகிறது. கடல்நீரின் வெப்பத்தையும் பச்சையத்தையும் செயற்கைக்கோளில் பார்த்து, மீன் கூடும் இடங்களை ஐதராபாத்தின் இன்காய்ஸ் கடல் தகவல் நிறுவனம் மீனவர்களுக்கு அறிவிக்கிறது. கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயர் வைத்து வலை வீசியவர்களின் அறிவுக்கு இது துணைக் கருவி. மீன் பெருக விடுவதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில் நிற்கின்றன. காத்திருப்பு இந்தத் தொழிலின் இயல்பான பகுதி.

இப்போது அதே காற்று மீண்டும் செல்வமாகிறது. கன்னியாகுமரி மாவட்டத்து முப்பந்தலின் காற்றாலைகள் மே முதல் செப்டம்பர் வரை முழு வீச்சில் சுழல்கின்றன. மன்னார் வளைகுடாவில் கடலுக்குள்ளேயே காற்றாலை நிறுவும் முயற்சி நடக்கிறது. ஆனால் பருவம் முடிந்ததும் மின்சாரம் சரிகிறது. சோழர் காலத்து வணிகர் எதிர்கொண்ட அதே சிக்கல் இது: காற்று நிறைய இருக்கும், ஆண்டு முழுவதும் இருக்காது. அவர்கள் அதைத் தீர்த்தது காற்றை மாற்றி அன்று. காற்று இல்லாத மாதங்களுக்கென்று கிடங்கு, கடன், வணிகக் குழு, சுங்க விதி, தங்குமிடம் என்று ஓர் ஏற்பாட்டைக் கட்டினார்கள். அந்த ஏற்பாடுதான் துறைமுகம் இல்லாத கரையைச் செல்வக் கரையாக்கியது. நமக்கும் வேண்டியது அதுவே. சேமிப்பு மின்கலங்கள், நீரை மேலேற்றி வைத்து வேண்டும்போது இறக்கும் மின் நிலையங்கள், மாநிலங்களை இணைக்கும் மின்தடங்கள், கடலில் இடம் விட்டுக் கொடுக்கும் மீனவருக்கு எழுத்தில் உறுதி. காற்றாலைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு போனால் பாதி வேலைதான் முடியும். காற்று ஓய்ந்த மாதங்களை எப்படி நடத்தப் போகிறோம் என்று முன்கூட்டியே தீர்மானிக்கும் கரைதான் அடுத்த நூற்றாண்டிலும் வலுவாக நிற்கும்.